டீ நேரத்தைப் பிரித்தவன்

நான் ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் மாதம் ஒரு முறையாவது ஏதாவது ஓர் அலுவலகத்திலிருந்து போன் வரும். ஒரு சுற்றறிக்கை எழுத வேண்டும், ஒரு குறிப்பாணைக்கு வாசகம் வேண்டும், நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். அரசு ஆஸ்பத்திரி அலுவலகங்களில் வரைவு எழுதுவதில் எனக்கு அப்படி ஒரு பேர். போன் மணி அடித்தாலே என் மனைவி சமையலறையிலிருந்து, "கவர்னர் ஆபீஸுங்களா?" என்று கேலி செய்வாள். நானும் உள்ளூரப் பூரித்துக்கொண்டு, சிங்காநல்லூர் வீட்டுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டபடி வாக்கியம் வாக்கியமாகச் சொல்வேன்.

போன மாதம் கௌசல்யா பேசினார். நான் நீண்ட காலம் வேலை பார்த்த தாலுக்கா ஆஸ்பத்திரியில் இப்போது அவர்தான் நிர்வாக அலுவலர். என் கடைசி வருஷங்களில் இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்த பெண். விஷயம் இதுதான்: டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இருப்பதுபோல ஆய்வகத்துக்காரர்கள், எக்ஸ்ரேக்காரர்கள், பிசியோதெரபிக்காரர்கள் எல்லோருக்கும் தனிச் சட்டம், தனிக் கவுன்சில் என்று வந்துவிட்டது. அதோடு சேர்ந்து, எல்லாப் பிரிவினரும் கலந்து பேசி வேலை செய்ய வேண்டும் என்ற பேச்சும் வந்திருக்கிறது. புதிதாக வந்த கண்காணிப்பாளர் அம்மா, தினமும் காலையில் பத்து நிமிஷம் எல்லாப் பிரிவினரும் ஓரிடத்தில் நின்று நோயாளிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு சுற்றறிக்கை வேண்டும்.

"பழைய பைல்ல உங்க சுற்றறிக்கை ஒண்ணு கெடக்குதுங்க சார். டீ நேரத்தப் பிரிச்சு விட்டது. அத ரத்து பண்ணிப்போட்டுத்தான் இத விடோணும். ரெண்டையும் சேத்து நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார் கௌசல்யா.

சரி கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மனைவி வந்து எந்த ஆபீஸ் என்று கேட்டாள். பழைய ஆபீஸ் என்று மட்டும் சொன்னேன்.

தேர்வாணையத் தேர்வு எழுதி இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவன் நான். ஆரம்பத்தில் என்ன கற்றேன் என்று கேட்டால் இரண்டே பாடம்தான். என் முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் சொல்லிக் கொடுத்தது. ஒன்று, நல்ல வரைவு என்பது படித்தவன் திருப்பிக் கேள்வி கேட்க இடம் வைக்காதது. இரண்டு, எந்தத் தடை உத்தரவு எழுதினாலும் கடைசியில் 'அவசர நேர்வுகள் நீங்கலாக' என்று ஒரு வால் சேர்த்துவிட வேண்டும். நாளைக்கு என்ன ஆனாலும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கரையேறிவிடும் என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, நான் அந்தப் பூசாரி வேலையை மனமாரச் செய்தேன்.

அந்தத் தாலுக்கா ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த கண்காணிப்பாளர் டாக்டர் தங்கமான மனிதர். பெருக்குகிற அம்மாவிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவரிடம் ஒரு பழக்கம். இதைச் செய், அதைச் செய்யாதே என்று எதையும் சொல்ல மாட்டார். பிரச்சினையைச் சொல்லிவிட்டு, "பாத்துப் பண்ணிக்குங்க" என்பார். நான் பார்த்துப் பண்ணி எடுத்துக்கொண்டு போவேன். ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓட்டிப் படிப்பார். பிடிக்காத இடத்தில் பென்சிலால் எள்ளளவு ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்த இடத்தில் என்ன குறை என்று நான்தான் யோசித்து மாற்ற வேண்டும். புள்ளி இல்லாமல் வந்தால் பச்சை மையில் கையெழுத்து. என் வரைவில் புள்ளி விழுந்து வருஷக்கணக்கில் ஆகிறது என்று நான் சக ஊழியர்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன். அந்த ஆஸ்பத்திரியில் எடுத்த முடிவுகளில் பாதி என்னுடையவை என்பது இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. அவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

ஆய்வகத்தின் பின்வாசலிலிருந்து பெண்கள் வார்டு வாசல் வரை ஒரு நடை உண்டு. அங்கே சக்கரம் உடைந்த ஸ்ட்ரெச்சர் ஒன்று கழிவு செய்யப்படாமல் கிடந்தது. தினமும் பத்தரைக்கு டீ கேன் அந்த இடத்துக்குத்தான் வரும். ஆய்வக நுட்புநர் எஸ்தர், பெண்கள் வார்டு சிஸ்டர் வளர்மதி, மருந்தாளுநர் நாச்சிமுத்து மூன்று பேரும் அந்த ஸ்ட்ரெச்சரில் வரிசையாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நடை முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும். என் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். எனக்கு எரிச்சலாக வரும். என் டீ மேஜைக்கு வந்துவிடும், ஆனால் அதைத் தனியாகக் குடிக்க வேண்டும்.

அவர்கள் வெறும் நாயம் பேசிப் பொழுது போக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் என் காதாலேயே கேட்டேன். எஸ்தர் டம்ளரை ஊதிக்கொண்டே, பதினொன்றாம் படுக்கைக்குச் சர்க்கரை நாற்பத்தெட்டுதான் இருக்கிறது என்று சொன்னார். வளர்மதி சிஸ்டர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட நிற்கவில்லை, கையில் பிடித்தபடியே வார்டுக்கு ஓடினார். இன்னொரு நாள் நாச்சிமுத்து, புதிதாக வந்த மாத்திரை அட்டை பழைய வேறொரு மாத்திரை அட்டை மாதிரியே இருக்கிறது, பார்த்து எடுங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு மருந்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசப் பிடிக்கும். கேட்க ஆள் எஸ்தர்தான். எந்த மருந்து எதைக் கெடுக்கும் என்று அவர் சொல்ல, எஸ்தர் ஒரு சின்னப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். மூன்று பேருக்கும் மூன்று படிப்பு, மூன்று பிரிவு, மூன்று பதிவேடு. மூன்றும் ஒன்று சேர்கிற இடம் அந்த உடைந்த ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான்.

அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன்.

ஊரில் செல்வாக்கான அரிசி ஆலைக்காரர் ஒருவருடைய மருமகள் வந்து ஒரு பரிசோதனை செய்துகொண்டு போனார். அதன் முடிவு இரண்டே நாளில் ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஆலைக்காரர் கண்காணிப்பாளர் அறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, இங்கே எல்லோரும் கூடி உட்கார்ந்து எங்கள் வீட்டுச் சமாச்சாரத்தைப் பேசுகிறார்கள் என்றார். அவர் போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது, அது நியாயம்தானே என்றார். பிறகு வழக்கம்போல, "பாத்துப் பண்ணிக்குங்க."

பார்த்துப் பண்ணினேன். ஆய்வகத்துக்கு டீ நேரம் பத்தேகால், செவிலியருக்குப் பத்தே முக்கால், மருந்தகத்துக்குப் பதினொன்றேகால். அவரவர் டீயை அவரவர் பிரிவிலேயே குடிக்க வேண்டும். நோயாளிகள் பற்றிய விவரத்தை ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினருக்கு எழுத்து மூலமாக மட்டுமே தெரிவிக்க வேண்டும், வாய்மொழியாகப் பேசுவது ஒழுங்கீனமாகக் கருதப்படும். கடைசியில் அந்த வால்: அவசர நேர்வுகள் நீங்கலாக. ஸ்ட்ரெச்சரைக் கழிவுப் பொருள் பட்டியலில் சேர்த்து அன்றைக்கே அப்புறப்படுத்தினேன். டாக்டரின் விரல் வரி வரியாக ஓடியது. ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒன்று தெரிய வந்தது. அந்த மருமகள் விவரம் வெளியே போனது ஸ்ட்ரெச்சர் வழியாக அல்ல. என் பிரிவிலேயே, எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர், ஆலையில் கணக்கெழுதும் தன் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறார். பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுத்து மூலமாகவே படித்துவிட்டுப் போய்ச் சொன்னவர். அவரைத் தனியாக அழைத்துக் கண்டித்தேன். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. கையெழுத்தானதைத் திரும்பப் பெற்றால் தப்பாக எழுதினோம் என்று ஆகிவிடுமே.

அதற்கும் முன்னால், சுற்றறிக்கை போன முதல் வாரத்திலேயே, எஸ்தரும் வளர்மதி சிஸ்டரும் நடையில் நின்று பேசுவதை நான் பார்த்தேன். யாராவது ஒருவருக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பாணை கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்பது ஆபீஸ் நடைமுறை. இரண்டு பேர் பேசினார்கள், ஒருவருக்குக் கொடுத்தேன். எஸ்தருக்கு.

ஏன் அவருக்கு? இதையும் சொல்லிவிட வேண்டும். நாச்சிமுத்து நின்று பேசியிருந்தாலும் அவருக்குக் கொடுத்திருக்க மாட்டேன்; கண்காணிப்பாளர், அவர், நான் மூவரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய் வருகிற வட்டம். வளர்மதி சிஸ்டருக்குச் சங்கம் இருந்தது, ஒரு குறிப்பாணை போனால் பத்துப் பேர் வந்து அறை வாசலில் நிற்பார்கள். எஸ்தரின் அப்பாவும் அம்மாவும் மதுக்கரைப் பக்கம் பிறர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். அவருக்காக வந்து பேச யாரும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் பிறகு நடை அமைதியாகிவிட்டது. என் ஜன்னல் வழியாக வேலை நடக்கிற சத்தம் மட்டும் வந்தது. நிர்வாகம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் சென்னிமலைப் பக்கமிருந்து பாவாயி என்ற அம்மாள் சேர்க்கப்பட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெட்ஷீட் தறிக் குடும்பம். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். புண்ணுக்காகக் காலையும் மாலையும் ஓர் ஊசி போட்டு வந்தார்கள். நல்ல ஊசிதான், ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அது ஆகாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்தர் அந்த அம்மாளின் இரத்தப் பரிசோதனையை முடித்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற அளவு இருக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு இருந்தது. பதிவேட்டில் எழுதினார். சீட்டில் எழுதிச் சிவப்பு மையால் வட்டமிட்டார். மருத்துவமனைப் பணியாளர் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வார்டில் கொடுத்தார், அது நோயாளியின் தாள்களுக்கு நடுவே செருகப்பட்டது. அன்றைய ரவுண்ட்ஸ் முடிந்திருந்தது. மறுநாள் ஞாயிறு, அவசரத்துக்கு மட்டும்தான் டாக்டர். வார்டில் இருந்த சிஸ்டர்களுக்கு ஊசிச் சீட்டு தெரியும், அதன்படி போட்டார்கள். சனி மாலை ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் காலை ஒன்று. திங்கட்கிழமை ரவுண்ட்ஸில்தான் டாக்டர் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மாளுக்குச் சிறுநீர் இறங்குவது நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு அனுப்பினோம். நான்காவது நாள் இறந்துவிட்டார்.

எப்படியும் காப்பாற்றுவது கடினம்தான் என்று பிற்பாடு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஊசி போடுவது வளர்மதிக்குத் தெரியும். அளவு ஏறியிருப்பது எஸ்தருக்குத் தெரியும். இரண்டும் சேரக் கூடாது என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும், அவர் சொல்லி எஸ்தருக்கும் தெரியும். மூன்று பேரும் சனிக்கிழமை பத்தரைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தால் அரை நிமிஷப் பேச்சு.

பாவாயியின் மகன் ஆபீசுக்கு வந்தார். அம்மாவுக்கு என்ன ஆனது என்று மட்டும் கேட்டார். எதுவானாலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றேன். அந்த மனிதர் வெளியே போய் யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அதன்மேல் விசாரணை வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள், யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்றார். முகம் வாடியிருந்தது. "பாத்துப் பண்ணிக்குங்க."

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. பேசியதற்காக எச்சரிக்கை வாங்கியவரைப் பேசாததற்காக எப்படிக் குற்றம் சாட்டுவது? இரண்டு நாள் யோசித்தேன், மூன்றாவது நாள் வால் ஞாபகம் வந்தது. 'அவசர நேர்வுகள் நீங்கலாக' என்று சுற்றறிக்கையில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தும், மேற்படி முடிவை அவசர நேர்வாகக் கருதி உரியவர் கவனத்துக்குக் கொண்டுவரத் தவறிய குற்றத்துக்காக. எழுதி முடித்ததும் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். பூட்டுக்குச் சாவி பொருந்தியதுபோல ஒரு சந்தோஷம். குற்றச்சாட்டு எஸ்தருக்குப் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பதினைந்து நாள் அவகாசத்தில் பதிமூன்றாவது நாள் எஸ்தர் விளக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கம், கையெழுத்தில். கொடுப்பதற்கு முன்னால் சார் ஒரு தடவை பார்த்தால் நல்லது என்றார். என்னிடமே. நான் படித்தேன். முதல் பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது:

'பத்து மணிக்கு முடிவு தெரிந்தது. முன்பு போல எல்லோரும் ஒன்றாக டீ குடித்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லியிருப்பேன். பேசக் கூடாது என்று குறிப்பாணை வாங்கியிருந்ததால் பயமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் வார்டு வாசல் வரை போனேன். அலுவலக அறை ஜன்னல் திறந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.'

ஜன்னல் என்னுடையது. அன்று நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாள் மேலே போயிருந்தால் முதல் கேள்வி சுற்றறிக்கையைப் பற்றித்தான் வந்திருக்கும். எழுதியது யார் என்பது அடுத்த கேள்வி. நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அம்மணி, இதக் குடுத்தீங்கன்னா மேலதிகாரிகள எதுத்துப் பேசற மாதிரி ஆயிருமுங்க. வேலைக்கே ஆபத்து. கவனக்குறைவா இருந்துட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு எழுதிக் குடுத்துருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் பேனாவை எடுத்தார். எனக்கு வார்த்தை வராதுங்களே, நீங்களே சொல்லுங்கள் சார் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு, இனி இவ்வாறு நிகழாது, கருணையுடன் மன்னிக்க வேண்டுகிறேன். பத்து வரி. எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பொழப்பைக் காப்பாத்துனீங்க சார் என்று கைகூப்பினார். பழைய தாளைக் கிழித்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். கிழிக்கவில்லை. பச்சாதாபத்தால் இல்லை. எந்தத் தாளையும் கிழிக்காத குமாஸ்தா புத்தி, அவ்வளவுதான்.

எஸ்தருக்குக் கண்டனமும் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இடமாற்றமும் கிடைத்தன. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அவரோடு படித்தவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு வந்தபோது அவருக்கு வரவில்லை. ஆனால் வேலை போகவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று நம்பினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மதுக்கரையிலிருந்து பஸ் ஏறி சிங்காநல்லூருக்கு வந்து கேக் கொடுத்துவிட்டுப் போவார். இப்படியும் ஒரு விசுவாசமான பிள்ளை என்று என் மனைவி வாயாரச் சொல்வாள். பதினெட்டு வருஷம் அந்தக் கேக்கைத் தின்றிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தொண்டையில் சிக்கவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கௌசல்யா கேட்ட வரைவை எழுத உட்கார்ந்தேன். பொருள் எழுதியாயிற்று: அனைத்துப் பிரிவுப் பணியாளர்களும் கலந்து பேசுதல். அடுத்தது பார்வை. எந்தக் கடிதங்களின் பேரில் இந்த உத்தரவு என்று வரிசையாகக் காட்டுகிற இடம். ஒன்று என்று போட்டு என் பழைய சுற்றறிக்கையை எழுதினேன். இரண்டு என்று போட்டேன். பேனா நின்றுவிட்டது. பத்து நிமிஷம் எல்லோரும் ஒன்றாக நின்று பேசுவது நல்லது என்பதை எனக்குச் சொன்னது எந்தக் கடிதம்? பரணிலிருந்து பழைய அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னேன். ஓய்வு பெற்ற அன்று மேஜையிலிருந்து அள்ளிப் போட்டு வந்தது. அடியில் இருந்தது அந்த இரண்டு பக்கம்.

கௌசல்யாவுக்குப் போன் செய்து, பார்வை இரண்டில் ஒரு விளக்கக் கடிதம் வரும், கோப்பில் அது இருக்காது, ஏன் இருக்காது என்பதை நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். முழுதையும் சொன்னேன். அந்தப் பெண் முதலில் கடிதத்தின் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அவங்ககிட்டக் கேட்டீங்களா சார்?" என்றார். கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்தும் அவரைக் கேட்காமலே அவர் தாளை எடுத்து உபயோகிக்கப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மதுக்கரைக்குப் போனேன். எஸ்தர் போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "ஏனுங்க சார், ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே" என்றபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. நான் டீயைத் தொடாமல் தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முதலில் யார் எழுத்து என்றே அவருக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்தின் அடிக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி படித்தார்.

"வார்டு வாசல் வரைக்கும் போனனுங்களா நானு?" என்றார்.

போனீர்கள், ஜன்னலில் நான் இருந்ததைப் பார்த்துத் திரும்பி வந்தீர்கள் என்றேன். பிறகு மீதியைச் சொன்னேன். சுற்றறிக்கை எழுதியது நான், எச்சரிக்கை எழுதியது நான், இந்தத் தாளைக் கொடுக்க விடாமல் செய்தது உங்களைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்ற. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். புதிதாக வரும் சுற்றறிக்கையில் இந்தத் தாளைக் குறிப்பிடலாமா என்றும் கேட்டேன்.

"நான் மறந்தே போயிட்டனுங்க" என்றார் எஸ்தர். "லேப்லயே உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்துட்டேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுல அந்தம்மா பேரச் சொல்லி, எங் கவனக்குறைவ மன்னியுங்க ஆண்டவரேன்னுதான் கேப்பேன். பதினெட்டு வருசமா." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கவனக்குறைவுங்கறது உங்க வார்த்தைங்களா சார்?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் தாளை மடித்தார். பழைய மடிப்பிலேயே சரியாக மடித்தார். உங்கள் காகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வாசல் வரைக்கும் போனேன் என்கிற வரி அதில் இருக்க வேண்டும் என்றார். அசலைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அசலை யாரிடமும் கொடுக்காதவன் நான். தலையாட்டினேன். டீ ஆறிப்போயிற்று, வேறு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் கணவர்தான் டம்ளரைக் கொண்டுவந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவளுக்கு என்னமோ தலைவலி, படுத்துவிட்டாள், டீ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் என்றார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. நான் அந்த டீயைத் தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.